கலாவுக்கு: ஹைஃபனுக்குப் பின்னால் பார்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஒரு வரியாவது எழுதிப் போட்டிருக்கலாம், மனம் வரவில்லை. நீ கேட்டிருந்த கேள்வி ஒரு வரியில் அடங்காது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்த மறுநாளே என் மேஜைக்குப் பின்னால் வந்து நின்று, திரையில் இருந்த எழுத்தை அங்கிருந்தபடியே வாசித்துக் காட்டினாள். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். உன் மகன் காலேஜில் சேர்ந்துவிட்டான் என்று படித்ததும், நாம் இருவரும் ஒரே கம்ப்யூட்டருக்கு மாறி மாறிக் காத்திருந்த நாட்கள் ஞாபகம் வந்தன. அவனுக்கு என் அன்பைச் சொல்.

இனி உன் கேள்வி. டெபியன் லினக்ஸ் ஓடுகிற ஆபீஸ் சர்வரில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதா என்று ஸ்கேன் செய்ததில் பட்டியல் முழுக்கச் சிவப்பாக வந்தது என்று எழுதியிருந்தாய். "புது வெர்ஷன் வந்து ஒரு வருஷமாகியும் டெபியன் ஏன் பழசையே பிடித்துக்கொண்டிருக்கிறது? நீங்களெல்லாம் என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தாய். நீ குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பதினோரு வருஷமாக டெபியனில் ஆறு பேக்கேஜ்களை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதிகளை, கவனித்துவருகிறவளுக்கு அந்த வரி தைத்தது. அதனால் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அந்தச் சிவப்புப் பட்டியலை மறுபடி எடு. பெரும்பாலான வெர்ஷன்களில் ஒரு ஹைஃபன் இருக்கும். அதற்கு முன்னால் இருப்பது, மூல நிரலை எழுதுகிறவர்கள் கொடுத்த எண். அவர்களை நாங்கள் அப்ஸ்ட்ரீம் என்போம். ஹைஃபனுக்குப் பின்னால் இருப்பது எங்களுடையது. நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டாயே, அது அங்கேதான் இருக்கிறது. உங்கள் ஸ்கேனர் முன்பாதியை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

2014 ஏப்ரலில் வந்த ஹார்ட்பிளீடை நீ மறந்திருக்க மாட்டாய். இணையப் பரிமாற்றத்தை மறையாக்கம் செய்கிற ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இருந்த ஓட்டை வழியாக, சர்வரின் நினைவகத்தில் கிடப்பதை வெளியிலிருந்தே உருவிக்கொள்ளலாம் என்ற நிலை. அப்ஸ்ட்ரீம் அதை அடைத்து 1.0.1ஜி என்று வெளியிட்டது. அப்போதைய டெபியன் 7-ல் இருந்ததோ 1.0.1இ. டெபியன் ஜி-க்குத் தாவவில்லை. ஓட்டையை அடைக்கிற திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய நிரலில் பொருத்தி, 1.0.1இ-2+டெப்7யு5 என்று வெளியிட்டது. டெபியன் 7-க்கான ஐந்தாவது அப்டேட் என்று அர்த்தம். முன்பாதியை மட்டும் பார்த்தவர்களுக்கு 'இன்னும் இ-யிலேயே இருக்கிறார்களே' என்று பதறத் தோன்றியிருக்கும். ஓட்டை அடைபட்டாகிவிட்டது.

புதுசையே கொடுத்துவிட்டால் என்ன என்பாய். ஸ்டேபிள், அதாவது நிலையான வெளியீடு, என்று சொல்லிக் கொடுத்த பிறகு, நேற்று ஓடியது நாளைக்கும் அதே மாதிரி ஓட வேண்டும். புது வெர்ஷன் திருத்தத்தை மட்டும் சுமந்து வருவதில்லை. கான்ஃபிக்கில் ஒரு வரியின் பெயர் மாறியிருக்கும், ஒரு ஆப்ஷன் போயிருக்கும், பழைய கோப்பைத் திறக்க மறுக்கும். ராத்திரி தானாக அப்டேட் ஆன சர்வர், காலையில் உன்னிடம் வேறு முகம் காட்டக் கூடாது.

திருத்தத்தைப் பேட்ச் என்போம், புதுத் திருத்தத்தைப் பழைய நிரலில் பொருத்துவதை பேக்போர்ட் என்கிறோம். கேட்கச் சின்ன வேலை. போன மாதம் ஒன்று செய்தேன். அப்ஸ்ட்ரீமின் திருத்தம் மூன்றே வரி: உள்ளே வருகிற தரவின் நீளத்தை, பஃபரில், அதாவது அதற்கென ஒதுக்கிய நினைவகத்தில், எழுதுவதற்கு முன் ஒரு தடவை சரிபார்ப்பது. ஆனால் அவர்கள் இடையில் அந்தக் கோப்பையே பிரித்து எழுதியிருந்தார்கள். என்னிடம் இருக்கிற பழைய நிரலில் அந்த ஃபங்ஷனே கிடையாது. அதே வேலை இரண்டு இடத்தில் சிதறிக் கிடந்தது. முதல் இடத்தில் மூன்று வரியும் ஒழுங்காக உட்கார்ந்தன, நிரலிலிருந்து பேக்கேஜைக் கட்டுகிற பில்டும் ஆனது. எனக்கு நிம்மதி வரவில்லை. பொய்யான நீளம் எழுதிய கோப்பு ஒன்றை நானே தயாரித்து, பேட்ச் போட்ட புரோகிராமில் திறந்தேன். புரோகிராம் அப்படியே விழுந்தது. அந்தக் கோப்புதான் இரண்டாவது இடத்தைக் காட்டிக்கொடுத்தது. மூன்று வரிக்கு இரண்டு ராத்திரி. உன் பட்டியலில் அது ஒரு 'யு1', 'யு2'வாகத்தான் தெரியும்.

அன்றாட அப்டேட்டும் ஏறக்குறைய இப்படித்தான். புது வெர்ஷன் வந்தால் வாட்ச் கோப்பு சொல்லிவிடும், ஒரு கட்டளையில் இறங்கிவிடும். வேலை அதற்குப் பிறகுதான். பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்தை உட்கார்ந்து படிக்க வேண்டும். புதிதாக ஒரு கோப்பு நுழைந்திருந்தால் அதன் லைசன்ஸ் என்ன என்று பார்க்க வேண்டும். நம் பேட்ச்களில் எதை அப்ஸ்ட்ரீமே எடுத்துக்கொண்டார்கள், எது இன்னும் வேண்டும் என்று பிரிக்க வேண்டும். சுத்தமான சூழலில் பில்ட் செய்து, பேக்கேஜைச் சோதிக்கிற லிண்டியன் என்ற கருவி சொல்கிற குறைகளைத் தீர்த்து, பிறகு, புது வெர்ஷன்கள் முதலில் வந்து சேர்கிற சிட்டுக்கு அனுப்பலாம். சாதாரண அப்டேட் அங்கே பொதுவாக 5 நாள் கிடக்கும். கடுமையான பக் எதுவும் வராமல், அதை நம்பியிருக்கிற பேக்கேஜ்களின் டெஸ்ட்டும் உடையாமல் இருந்தால்தான் அடுத்த ஸ்டேபிளாகப் போகிற டெஸ்டிங்குக்குள் நுழையும்.

இத்தனை காவல் இருந்தும் நான் ஒருமுறை தவறினேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

என் ஆறில் ஒன்று சின்ன லைப்ரரி. நாற்பது புரோகிராம்கள் அதை நம்பியிருக்கின்றன. அப்ஸ்ட்ரீம் ஒரே ஆள், நல்ல மனிதர். ஒரு புது வெர்ஷனில் அவர் ஒரு ஃபங்ஷனை எடுத்துவிட்டார். உள்வேலைக்கு வைத்தது, வெளியே யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். அதனால் லைப்ரரியின் எஸ்ஓநேமையும், அதாவது பழசோடு பொருந்தாத மாற்றம் வந்தால் மாற்ற வேண்டிய பெயரையும், மாற்றவில்லை. டெபியனில் லைப்ரரிகளுக்குச் சிம்பல்ஸ் கோப்பு என்று ஒன்று வைத்துக்கொள்வோம். அந்த லைப்ரரி வெளியே தருகிற ஒவ்வொரு பெயரும், எந்த வெர்ஷனிலிருந்து இருக்கிறது என்ற கணக்கும் அதில் இருக்கும். ஒரு பெயர் காணாமல் போனால் பில்ட் நின்றுவிடும். நின்றது. அந்த ஃபங்ஷனுக்கு முன்னால் 'மிஸ்ஸிங்' என்று திரையில் இருந்தது. மணி ராத்திரி ஒன்று. நான் அந்த வரியைக் கோப்பிலிருந்து அழித்தேன். பில்ட் ஓடியது. கையெழுத்திட்டு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

டெபியனில் இருக்கிற நிரல் முழுவதையும் தேட ஒரு வசதி உண்டு. அந்தப் பெயரை அதில் போட்டுப் பார்த்திருந்தால், இரண்டு புரோகிராம்கள் அதைக் கூப்பிடுகின்றன என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். போடவில்லை. மறுநாள் காலையில் 'கிரேவ்' என்ற கடுமையோடு பக் வந்துவிட்டது. இரண்டில் ஒன்று, திறக்கும்போதே 'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. பார்வை குறைந்தவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற கருவி அது. பக் எழுதியவர் திட்டவில்லை. இது இல்லாமல் தன்னால் மெயில் படிக்க முடியவில்லை, எப்போது சரியாகும் என்று மட்டும் கேட்டிருந்தார். அம்மா என் பின்னால் நின்று வாசித்துக் காட்டிய அன்று எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

மத்தியானத்துக்குள் அந்த ஃபங்ஷனைத் திரும்ப வைத்துப் புது அப்லோடு அனுப்பினேன். அப்ஸ்ட்ரீமுக்கும் எழுதினேன், அடுத்த வெர்ஷனில் அவரே சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு, அந்தக் கருவியைக் கவனிக்கிறவரைக் கேட்டு, அதற்கு ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தேன். திறக்கும், ஒரு எழுத்தைப் பெரிதாக்கும், மூடும், அவ்வளவுதான். இனி என் லைப்ரரி அதை உடைத்தால் டெஸ்டிங் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் பக்கம் நடந்த பெரிய தவறு ஒன்றும் இப்படி நல்லெண்ணத்தில் போட்ட பேட்ச்தான். 2006-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில், சோதனைக் கருவி ஒன்று கொடுத்த எச்சரிக்கையை நிறுத்துவதற்காக நிரலில் கைவைத்தார்கள். அதில், ரேண்டம் எண்ணுக்குள் கலக்க வேண்டியது கலக்காமலே போனது. மிஞ்சி நின்றது, ஓடுகிற புரோகிராமுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கிற புராசஸ் எண் மட்டும். மறையாக்கத்துக்கான ஒரு வகைச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள்தான், எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். 2008 மே 13 அன்றுதான் அறிவிப்பு வெளிவந்தது. நான் போடுகிற எந்தப் பேட்சையும் அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்வதில்லை என்றால், அதற்குக் காரணம் இந்தச் சம்பவம்தான்.

பழசு என்றாயே, கோப்புகளைச் சுருக்குகிற எக்ஸ்இசட் விஷயத்தை நினைத்துப் பார். அதன் 5.6.0, 5.6.1 இரண்டிலும் ஒரு பின்கதவு வைத்திருந்தார்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் டெவலப்பர், டெபியன் சிட்டில் தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைகிற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் இழுப்பதைக் கவனித்து, விடாமல் தோண்டி, 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். சிட்டுக்கும் டெஸ்டிங்குக்கும் அது வந்தாகிவிட்டது. உன் சர்வரில் ஓடுகிற டெபியன் 12-ல் இருந்ததோ 5.4.1. அங்கே அது எட்டவே இல்லை.

டெபியன் பழைய வெர்ஷனுக்குத் திரும்பப் போனதையும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த வெர்ஷன் எண் அது. ஒரு கம்ப்யூட்டரில் 5.6.1 ஏறிவிட்ட பிறகு 5.4.5-ஐக் கொடுத்தால், பழசு என்று ஏற்றுக்கொள்ளாது. எண் மேலேதான் போக வேண்டும். ஆகவே 5.6.1+ரியலி5.4.5-1 என்று வெளியிட்டார்கள். எண்ணில் ஏறி, நிரலில் இறங்கிய அப்டேட். அவசரத்தில் இப்படி ஒளிவுமறைவில்லாமல் பெயர் வைக்கத் தோன்றியதே, அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அந்தப் பின்கதவைத் திறந்துவிடுகிற ஸ்கிரிப்ட், நிரலின் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகிற கிட்டில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டிய டார் கோப்பில் மட்டும் இருந்தது. டெபியன் பேக்கேஜும் டார் கோப்பிலிருந்து கட்டியதுதான். இப்போது நான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் எதையும் எடுப்பதில்லை. ஆனால் கலா, என்னை உறங்கவிடாதது நிரல் அல்ல. அந்த புராஜெக்டைப் பல வருஷம் ஒருவர் தனியாகத் தாங்கியிருந்தார். களைத்திருந்தார். வெர்ஷன் ஏன் தாமதம், ஏன் இன்னொருவரைச் சேர்க்கவில்லை என்று அவரை நெருக்கினார்கள். உதவிக்கு வந்தவன் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தான். அந்தக் கையாலேயேதான் பின்கதவும் வந்தது.

என் லைப்ரரிக்கும் நான் ஒருத்திதான். அடுத்த மாதம் அம்மாவோடு இருக்க வேண்டும். அவசரம் என்றால் டெபியனில் வேறு யாராவது அப்லோடு செய்வார்கள், அதற்கு முறை உண்டு. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு அந்த வரியை அழிக்கப் போகும் கையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். உதவி தேவை என்று பொதுவில் எழுதுவதற்கு முன்னால் உன்னைக் கேட்கிறேன். நீ சேர்ந்துகொள்கிறாயா?

உறுப்பினராக வேண்டும் என்றெல்லாம் இல்லை. நீ செய், நான் படித்துப் பார்த்து என் சாவியால் கையெழுத்திட்டு ஏற்றுகிறேன். கொஞ்ச நாளில், பேக்கேஜைச் சேர்ந்து கவனிக்கிறவர்களின் பெயர் இருக்கிற 'அப்லோடர்ஸ்' வரியில் உன் பெயரும் வரும். மாற்றங்களைக் குறித்துவைக்கிற சேஞ்ச்லாகில் பெயர் எழுதுகிற கடைசி வரியில் மட்டும் கவனம்: முன்னால் ஒரு இடைவெளி, இரண்டு கோடு, மறுபடி ஒரு இடைவெளி, பெயர், மெயில், அப்புறம் தேதிக்கு முன் இரண்டு இடைவெளி. ஒன்று விட்டால் கருவி முணுமுணுக்கும்.

செவ்வாய்க்கிழமை அப்ஸ்ட்ரீம் புது வெர்ஷன் விட்டிருக்கிறார். நான் இன்னும் தொடவில்லை, உனக்காக வைத்திருக்கிறேன். டெபியனின் கிட் தளமான சால்சாவில் இருக்கிறது, இழுத்துக்கொள். டார் கோப்பையும் கிட்டையும் ஒப்பிட்டுவிட்டு பில்ட் செய்து பார். சிம்பல்ஸில் 'மிஸ்ஸிங்' என்று ஏதாவது வந்தால் கோப்பைத் தொடாதே, அந்தப் பெயரை அப்படியே எனக்கு அனுப்பு. எத்தனை மணியானாலும் அனுப்பு.

அன்புடன்,
வசந்தி

பி.கு.: டெபியன் 13-க்கு மாறும்போது சில லைப்ரரிகளின் பெயருக்குப் பின்னால் 'டி64' என்று ஒட்டிக்கொண்டிருக்கும், மிரளாதே. 32 பிட்டில் நேரத்தை எண்ணுவது 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழியும், அதற்காக 64 பிட்டுக்கு மாற்றியதன் அடையாளம் அது. உன் ஸ்கேனர் அதைப் பார்த்து என்ன சொல்கிறது என்று எழுது.