அச்சடித்த பதில்களைக் கொடுத்து அனுப்பாதீர்கள்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கு,

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபத்தாறு ஆண்டுகள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக் காலம், புதிதாக ஆள் எடுக்கும்போதெல்லாம் கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது வியாசர்பாடியில் என் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பிள்ளைகளை நேர்முகத் தேர்வுக்குத் தயார்செய்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன மாதம் மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி ஆண்டு படிக்கும் ஒரு பையன் வந்தான். உன்னைப் பற்றிச் சொல் என்றேன். கண்ணைச் சுவரில் நிறுத்தி, ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். தான் கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்பவன், எதையும் பிசகில்லாமல் செய்ய நினைப்பதே தன் பலவீனம். அவனுக்கு அடுத்து உட்கார்ந்த பெண்ணும் அதே வரிகளை அதே வரிசையில் சொன்னாள். இருவருக்கும் அவரவர் கல்லூரியில் கொடுத்த அச்சுப் பிரதி அது.

வேலையில் இருந்தபோது அந்தப் பலவீனத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. அதைக் கேட்டதும் எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்திவிடுவார். இது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு, நீளத்தை நுணுக்கமாக அளக்கும் கருவியான என் பழைய வெர்னியர் காலிப்பரை எடுத்து அந்தப் பையன் கையில் கொடுத்தேன். நான் கேள்வி கேட்பதற்கு முன்பே இரண்டு தாடைகளையும் மூடி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். இடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கிறான்! எதற்கு என்றேன். “தாடை தேய்ந்திருந்தால் எடுக்கிற அளவெல்லாம் தப்பாகிவிடும் சார்” என்று தமிழில் சொன்னான். 49 மில்லிமீட்டர் நீளத்தை 50 பிரிவுகளாகப் பிரித்திருப்பதால்தான் இந்தக் கருவி 0.02 மில்லிமீட்டர் வரை காட்டுகிறது என்பதையும் விரலால் கோடுகளைத் தொட்டுத் தொட்டு விளக்கினான். அச்சுப் பிரதியில் இல்லாத இந்த இரண்டு நிமிடங்களுக்காகவே நான் அவனை வேலைக்கு எடுத்திருப்பேன். இதைச் சொல்லலாம் என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராஜீவ் காந்தி சாலையில் உள்ள ஐ.டி. நிறுவனங்களில் அது இல்லாமல் நடக்காது. ஆனால், தான் செய்த வேலையைத் தமிழில் தெளிவாகச் சொல்லிப் பழகியவன் அதையே எளிய ஆங்கிலத்தில் ஒரு மாதத்தில் சொல்லிவிடுகிறான். மாடியில் இதைக் கண்ணால் பார்க்கிறேன். மனப்பாடம் செய்தவன் நடுவில் ஒரு சொல் மறந்தால் அங்கேயே நின்றுவிடுகிறான்.

இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் வழிகாட்ட ஆளில்லை. அண்ணன் குரூப் 4 எழுதிப் போயிருப்பார்; அதற்கு நேர்முகத் தேர்வே கிடையாது. மத்திய அரசிலும் கடைநிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். அப்பா ஆட்டோ ஓட்டுபவர், அம்மா வீட்டுவேலைக்குப் போகிறவர் என்றால், மூன்று பேர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் அறை எப்படி இருக்கும் என்று சொல்ல அந்தக் குடும்பத்தில் யார் இருக்கிறார்கள்? உங்களை விட்டால் அவர்களுக்கு வேறு கதியில்லை.

ஆகவே, கடைசி ஆண்டு தொடங்கி நிறுவனங்கள் வரும் நேரத்தில் மூன்று நாள் பயிற்சி என்று அரங்கில் இருநூறு பேரை உட்கார வைக்காதீர்கள். இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குங்கள். ஒவ்வொருவரையும் தனியே உட்கார வைத்து, அவர் செய்த புராஜெக்டைப் பற்றிப் பத்து நிமிடம் கேளுங்கள். எது சரியாக வரவில்லை, பிறகு என்ன மாற்றினீர்கள், உங்கள் குழுவில் நீங்கள் செய்த பங்கு எது? புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கியவர் இங்கே மாட்டிக்கொள்வார். நேர்முகத் தேர்வில் மாட்டிக்கொள்வதைவிட உங்களிடம் மாட்டிக்கொள்வது அவருக்கு நல்லது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழக்குங்கள். எங்கள் பிள்ளைகள் அதை அவமானமாக நினைத்து எதையாவது உளறிவிடுகிறார்கள்.

சட்டை, ஷூ, அசல் சான்றிதழ், ஜெராக்ஸ் பற்றியெல்லாம் நீங்கள் நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறீர்கள். அதில் எனக்குக் குறையில்லை. டை மட்டும் கட்டாயம் என்று சொல்லாதீர்கள். மே மாத வெயிலில் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து, பேச்சு வராமல் தண்ணீர் கேட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, வழி. வியாசர்பாடி ஜீவாவில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்து, திருவான்மியூரிலிருந்து பஸ்ஸில் சிறுசேரி போய்ச் சேர்வது எளிதல்ல. ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்றால் முதல் நாளே ஒருமுறை போய் வாசலைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அந்தப் பையனுக்கு அடுத்து உட்கார்ந்து ஒப்பித்த பெண் அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் வழி விசாரிக்கும் பதற்றம் இல்லை, நிதானமாகப் பேசினேன் என்றாள். முடிவுக்காகக் காத்திருக்கிறாள்.

உங்களில் யாராவது ஒரு ஞாயிறு மாலை வியாசர்பாடி வந்து பிள்ளைகளிடம் பேசினால் மகிழ்ச்சி. நான்கு மணிக்குத் தொடங்குகிறோம். அந்தக் காலிப்பர் மேசைமேல்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை