லாக் புக்கில் கையெழுத்து விழாத வேலை

செவிலியர் கல்லூரி முதல்வர்களுக்கும், வார்டுப் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம். போஸ்டிங்குக்கு, அதாவது வார்டுப் பயிற்சிக்கு, வரும் நர்சிங் மாணவர்களை வார்டில் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கனிவான பராமரிப்பு என்றால் என்ன என்று முதலாண்டு மாணவியிடம் கேட்டுப் பாருங்கள். சிரித்த முகம், இதமான பேச்சு, பொறுமை என்பாள். தப்பில்லை. வார்டுக்கு வந்த பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் படுகிறது. வலி என்று சொன்னவருக்கு மருந்து நேரத்துக்குப் போய்ச் சேருவது, பெட்பேன் வைக்குமுன் திரையை முழுதாக இழுத்து மூடுவது, ஊசி போடப்போவதைச் சொல்லிவிட்டுப் போடுவது. அதிகம் சிரிக்காமலேயே இதையெல்லாம் செய்கிற நர்ஸ்கள் உண்டு. நோயாளிகள் தேடுவதும் அவர்களைத்தான்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு முதியவர் சொல்வதை நின்று கேட்கும் மாணவியைப் பார்த்து, "என்ன கதை பேசிக்கிட்டு நிக்கிறே, பி.பி. பார்த்தாச்சா?" என்கிறோம். கதீட்டர் என்ற சிறுநீர்க் குழாயைப் போட்டால், மாணவி செய்த வேலைகளைப் பதியும் லாக் புக்கில் கையெழுத்து விழும். ஆபரேஷனுக்குப் பயந்து நடுங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் விழாது. எது கணக்கில் வரும் என்பதைப் பிள்ளைகள் ரொம்பச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள். அப்புறம் அவர்களும் நோயாளியை 'ஏழாம் நம்பர் பெட்' என்று கூப்பிடத் தொடங்குகிறார்கள்.

நல்ல மனசுள்ளவர்களாகப் பார்த்துச் சேர்த்தால் போதும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் அந்த மனசோடுதான் வருகிறார்கள். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் தண்ணீர்கூடக் கிடைக்காமல் தவித்ததை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸ், 2013-ல் தந்த அறிக்கையில், மாணவர் தேர்விலும் பயிற்சியிலும் கனிவுக்கு இடம் வேண்டும் என்றார். அதே அறிக்கை ஆள் பற்றாக்குறையையும், செலவைக் குறைப்பதிலேயே குறியாக இருந்த நிர்வாகத்தையும் சாடியது. அதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

அதே 2013-ல்தான் கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர், தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, தன்னைக் கவனிக்க வந்த பலர் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கண்டு, 'வணக்கம், என் பெயர்...' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். இதை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம், சரி. வார்டில் அந்த மாணவியின் பெயரை எத்தனை பேர் கேட்கிறோம்? 'ஏய், ஸ்டூடண்ட்!' என்பதுதானே வழக்கம்.

இன்னொன்று. முதல்முதலாக ஒரு சாவைப் பார்த்த மாணவியை, அடுத்த நிமிடமே மருந்து வண்டியைத் தள்ள அனுப்புகிறோம். அவள் அதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? கொஞ்ச நாளில் எதுவும் உறைக்காத மாதிரி பழகிக்கொள்கிறாள். பல மருத்துவமனைகளில் 'ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்' என்று ஒரு கூட்டம் நடக்கிறது. வேலையில் மனதைப் பாதித்ததை ஊழியர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், தீர்வு தேடுவதில்லை. நமக்கு அவ்வளவு ஏற்பாடுகூட வேண்டாம். போஸ்டிங் முடிந்ததும் அரை மணி நேரம், மதிப்பெண் போடாத ஒருவர் முன்னால் அவர்கள் பேசட்டும்.

லாக் புக்கில் இந்தக் கனிவான வேலைகளுக்கும் ஒரு பக்கம் சேர்த்துவிடுங்கள். பிராக்டிகல் மதிப்பீட்டில் நோயாளியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆள் இல்லை, நேரம் இல்லை என்பீர்கள். உண்மைதான். அப்படியானால் மாணவர்களை டியூட்டி ஆள் கணக்கில் சேர்ப்பதை முதலில் நிறுத்துங்கள். அப்படிச் சேர்த்த வார்டில், பக்கத்தில் நின்று செய்துகாட்டுவதற்குப் பெரும்பாலும் யாருமே இருப்பதில்லை.

இப்படிக்கு,
வார்டிலிருந்து ஒரு செவிலியர்