செங்கடல் தாக்குதலால் முடங்கிய தோல் ஜாப் ஒர்க்: மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: ஷூ அப்பர் ஜாப் ஒர்க் செய்வோர், பேர்ணாம்பட்டு.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், வேலூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏற்றுமதியாளர்களுக்காக ஷூவின் மேல்பாகத்தைக் கூலிக்குத் தைக்கும் எங்கள் தொழில் செங்கடல் தாக்குதலால் முடங்கியது குறித்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் முன்பே மனு கொடுத்துள்ளோம். 'பரிசீலனையில் உள்ளது' என்று போனில் தகவல் வந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. கடலே இல்லாத ஊருக்குக் கடல் பாதுகாப்பு எதற்கு என்று யாரோ ஒதுக்கிவிட்டார்கள் போலும். எங்கள் தெருக்களில் எத்தனை வீட்டில் மிஷின் ஓடுகிறது என்பது தாங்கள் அறியாததல்ல.

1. 2023 நவம்பரில் ஏமன் நாட்டு ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு, பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸ் கால்வாயை விட்டு, ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்குப் பத்துப் பதினைந்து நாள் கூடுதல், வாடகையும் ஏற்றம்.

2. கடற்படையைக் குறை சொல்லவில்லை. 2024 மார்ச்சில், சோமாலியக் கொள்ளையர் கடத்திய ரூயன் கப்பலை மீட்டு 17 மாலுமிகளைக் காப்பாற்றி, 35 கொள்ளையரைப் பிடித்தார்கள். 2022இல் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சரி. ஆனால் கொள்ளையரைப் பிடிப்பது வேறு, ஏவுகணை பாயும் வழியில் சரக்குக் கப்பலை நம்பி அனுப்புவது வேறு. நாட்டின் கடல்சார் பாதுகாப்பு உத்தியை மதிப்பிடுவோர் மீட்ட கப்பல்களோடு, இங்கே நின்றுபோன கூலியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

3. சரக்கு தாமதமானால் வெளிநாட்டுப் பார்ட்டி பணத்தை இழுக்கிறார், சீசன் தப்பினால் விலையைக் குறைக்கச் சொல்கிறார். ஏற்றுமதியாளர் எங்கள் பில்லை நிறுத்துகிறார். நாங்கள் யாருடையதை நிறுத்துவது? ஜோடிக்கு இவ்வளவு என்று தைக்கும் பெண்கள் சனிக்கிழமை சாயங்காலம் கூலிக்கு நிற்கிறார்கள். அவர்களிடம் போய்ச் செங்கடல் கதையா சொல்வது? குழுக் கடன் தவணைக்காரர் கேட்பாரா? நூலும் பசையும் ரொக்கம், கரண்ட் பில்லுக்குக் கெடு. மிஷினை அடகு வைத்துக் கூலி கொடுத்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள், ஐயா! ஒரு வங்கியில் அவகாசம் கேட்டதற்கு, 'போர் நடந்தால் நாங்கள் என்ன செய்ய' என்றார்கள். நாங்கள் மட்டும் என்ன செய்ய?

4. முன்னோடி வங்கி மேலாளரையும் மாவட்டத் தொழில் மையத்தையும் அழைத்து, எங்களையும் உட்காரவைத்துக் கடன் தவணைக்கு அவகாசம் பெற்றுத் தர வேண்டும். எங்கள் இழப்பைக் கணக்கெடுத்து ஒன்றிய வர்த்தக, கப்பல் துறை அமைச்சகங்களுக்குப் பரிந்துரையோடு அனுப்ப வேண்டும்.

இந்த மனுவையாவது வேறு துறைக்குத் தள்ளிவிடாமல், அந்தக் கூட்டத்துக்கு ஒரு தேதி குறித்துத் தருமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஷூ அப்பர் ஜாப் ஒர்க் செய்வோர்