வலது கண் முடிந்தது

அன்புள்ள முரளிக்கு, அப்பா எழுதுவது.

வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதுகிறேன், அம்மா திட்டிக்கொண்டிருக்கிறாள். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. சாயந்திரம் ‘மீட்டிங்’ என்று ஒரு வரி வருகிறது. சரி, வேலை இருக்கும். இருந்தால் நல்லதுதான்.

இந்த மாதம் பணம் தேதி தள்ளி வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. எங்களுக்கு என் பென்ஷனே போதும், அடுத்த மாதம் அனுப்பாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர், பையனுக்குப் பேக்கேஜ் எவ்வளவு என்று ஆரம்பித்தார். போன வருஷக் கணக்கைச் சொல்லிவைத்தேன். அப்புறம் டாக்டர் வெங்கடசாமி ஞாபகம்தான். அரசாங்கம் வீட்டுக்குப் போகச் சொன்ன 58 வயதில், 1976ல், 11 படுக்கையோடு இந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர். மூட்டுவாதத்தில் விரலெல்லாம் கோணிப்போன கை. அந்தக் கையால்தான் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன். காசில்லாதவரிடம் வாங்கவில்லை. வீட்டை அடமானம் வைத்திருக்கிறார், கூடப்பிறந்தவர்கள் கூடவே நின்றிருக்கிறார்கள். அவரிடம் யார் பேக்கேஜ் கேட்டார்கள்?

உள்ளே இரண்டு மேசை. ஒன்றில் முடித்த கையோடு டாக்டர் அடுத்ததற்குத் திரும்பிவிடுகிறார். நர்ஸ் பெண்ணுக்கு உசிலம்பட்டிப் பக்கமாம். ‘பயப்படாதீங்க தாத்தா’ என்று கையைப் பிடித்துக்கொண்டது.

பெரும்பாக்கம் பிளாட் தவணை பாரமாக இருந்தால் விற்றுவிடு. சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது என் பாடு. கிரகப்பிரவேசத்துக்கு ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டவன், இதையும் சொல்லிக்கொள்வேன். நீ சாப்பாட்டை மட்டும் விடாதே.

எதிர்வீட்டுச் செல்வி மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டான். திண்ணையில் உட்காரவைத்து நீ கணக்குச் சொல்லிக்கொடுத்தாயே, அவன்தான். இனிப்பை முதலில் நம் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தான். ‘அண்ணன் எப்ப வரும்?’ என்கிறான். உன்னைப் பற்றி நாலு பேரிடம் சொல்ல எனக்கு இது இருக்கிறது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கு, அப்பனுக்கு ஒரு போன் போட மட்டும் தெரியவில்லை.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலை நாளாகத்தான் இருக்கும். துணைக்கு ஒரு ஆள் வேண்டும். சித்தப்பா வருகிறேன் என்கிறார். நீ வருவதானால் சொல், அவரை வேண்டாம் என்றுவிடுகிறேன்.

அப்பா