சாபக் கதைகளுக்கு நம்மிடம் பஞ்சமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பச் சாபத்தை உடைக்கப் புறப்படும் பெண், வழியில் அவளுக்கு வாய்க்கும் காதல், கொஞ்சம் மாயம். இத்தகைய ஆங்கில நாவல்களை நம் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கிறார்கள். "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பேத்தியிடம் இரவல் வாங்கி நானும் சிலவற்றைப் படித்தேன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால், முத்தம் ஒன்றில் சாபம் பொடிந்துபோகும் முடிவுகள்தாம் எனக்குச் செரிக்கவில்லை. யாருக்கோ இழைத்த அநியாயத்தால் வந்த சாபம், வேறு இருவர் காதலித்தால் எப்படித் தீரும்?

சிலப்பதிகாரம் இதில் கறார். கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் அரச ஊழியனாக இருந்து, நகை விற்க வந்த சங்கமனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்லவைத்தான். சங்கமனின் மனைவி நீலி 14 நாள் அரற்றித் திரிந்தாள். பிறகு மலையேறி விழும்போது, எமக்குத் துன்பம் செய்தவர் இதே துன்பத்தை அடைக என்று சபித்தாள். (இது நடந்த ஊர் சிங்கபுரம். பதற வேண்டாம், கலிங்கத்துச் சிங்கபுரம்!) மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் இதைச் சொல்வது கோவலன் வெட்டுண்டு, மதுரையும் எரிந்த பிறகு. அவனுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. பழைய கணக்கு முன்கூட்டியே தெரிந்து, அதை நேர்செய்ய ஒரு பெண் முனைந்தால்? இளையர் நாவலுக்கு அங்கேதான் கதை கிடைக்கிறது.

களத்துக்கும் வெளியே போக வேண்டியதில்லை. கரையைத் தாக்கிய வாள்மீன்களை வாழைத்தண்டு வேலியால் தடுக்க யோசனை சொன்ன சிறுவனை, வளர்ந்தால் ஆபத்து என்று அஞ்சி அரசர் கொன்றார். அந்த இரத்தப்பழி சிங்கப்பூர்மீது விழுந்தது என்கிறது செஜாரா மெலாயு என்னும் பழைய மலாய் வரலாற்று நூல். செங்குன்று என்று பொருள்படும் புக்கிட் மேராவின் மண் சிவந்தது அவன் இரத்தத்தால்தான் என்பது வாய்வழிக் கதை. அரசருக்குத் தூபம் போட்டவர்களில் ஒரு தமிழ் வணிகரும் இருந்ததாகக் கற்பனை செய்யுங்கள். அவர் வழிவந்த பெண் இன்று ரெட்ஹில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறாள். அவள் விரும்பும் பையனோ அந்தச் சிறுவனின் குடும்பத்தவன். உண்மையைச் சொன்னால் காதல் போகும். மறைத்தால் சாபம் நிற்கும். எழுத்தாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் இளம் எழுத்தாளர்களிடம் இப்படியொரு தொடரைக் கேட்டு வாங்கி, உங்கள் ஞாயிறு இதழில் வெளியிட வேண்டுகிறேன். காதலைக் கத்தரிக்க வேண்டாம். நீதிபோதனையும் அருஞ்சொற்பொருள் பட்டியலும் வேண்டவே வேண்டாம்; அவற்றைக் கண்டாலே பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
வாசகி,
தியோங் பாரு