பாப்பாவுக்கு, கோதுமை விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கூடத்துக்கு வெள்ளை அடித்தாயிற்று. அதெல்லாம் இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது பாதியில் கேமராவை அணைத்துவிட்டாய். நெட் சரியில்லை என்றாய். சரி, நெட்தான் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டேன். அப்புறம் அம்மாவைக் குடைந்து கேட்டேன். மூன்று வாரமாக நீ கோதுமையைத் தொடுவதில்லையாம், உடம்பு லேசாக இருக்கிறதாம், இதை அப்பாவிடம் சொல்லக்கூடாதாம். அம்மாவைத் திட்டாதே. அவளிடம் ரகசியம் தங்காது என்று உனக்கே தெரியும்.

நீ விவரமான பிள்ளை. நான் மூன்று நாள் முழிக்கிற படிவத்தை மூன்று நிமிஷத்தில் நிரப்பித் தருகிறவள். அதனால்தான் கோபம் வருகிறது. டெஸ்ட் எடுக்காமல் ஏன் நிறுத்தினாய்? சீலியாக் என்பது, கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதத்தை உடம்பு எதிர்த்து, தன் சிறுகுடலையே கெடுத்துக்கொள்கிற நோய். அதற்கான ரத்தப் பரிசோதனை, குளூட்டன் உள்ளே போவதால் உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. சாப்பிடுவதை நிறுத்தினால் அது மெல்ல இறங்கிவிடும். நோய் இருக்கும், ரிப்போர்ட்டில் இருக்காது.

"வயிற்றுப்போக்கெல்லாம் இல்லையே, வெறும் அசதிதானே" என்றாயாமே. எனக்கும் வயிற்றுப்போக்கு இருந்ததில்லை. வாய்ப்புண்ணும் அசதியும், எத்தனை மாத்திரை விழுங்கினாலும் ஏறாத இரும்புச்சத்தும்தான் இருந்தன. சிலருக்கு முழங்கையில் அரிக்கிற கொப்புளம் வரும், சிலருக்கு எலும்பு பலவீனமாகும், சிலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. போன வருஷம் நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. டாக்டரிடம் மட்டும் அதையும் சொல். மறைக்காதே. அவ்வளவுதான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து, "பார்த்தாயா, ஒன்றுமில்லை" என்று உன் முன்னால் ஆட்டிக்காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பரிசோதனைக்கு முன்னால் நாலு மாதம் நான் கோதுமையே சாப்பிட்டிருக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று நானாகவே நிறுத்தியிருந்தேன். டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பரீட்சையில் பாஸான பையன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். அடுத்த வருஷம் நீ அசதி என்று சொன்னபோது, "எனக்கும் அப்படித்தான் இருந்தது, டெஸ்டில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது, நேரத்துக்குத் தூங்கு" என்று உன் வாயை அடைத்தேன்.

அதற்கும் அடுத்த வருஷம் இன்னொரு டாக்டர்தான், "அப்போது கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா?" என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மறுபடி 6 வாரம் சாப்பிட்டு, ரத்தம் கொடுத்து, எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலின் ஆரம்பத்திலிருந்து துணுக்குகள் எடுத்துப் பார்த்தால், குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தன. பெற்ற பிள்ளைகளில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம், உங்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். தம்பியிடம் அந்த வாரமே சொன்னேன். அவனுக்கு இல்லை என்று வந்தது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பழைய பேச்சு வருமே என்று வெட்கம். என் சாப்பாடு மாறியதற்குச் சுகர் என்று உனக்குக் காரணம் சொல்லிவைத்தேன். அம்மாவையும் அப்படியே சொல்ல வைத்தேன். மூன்று வருஷம் ஓடிவிட்டது, பாப்பா. அதற்குள்தான் போன வருஷமும் வந்துபோயிற்று.

நாளையிலிருந்தே மறுபடி சாப்பிடு. இல்லை, முதலில் டாக்டரைப் பார், அவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடு. தினமும் ஒரு வேளைக்கு மேல், குறைந்தது 6 வாரம். அந்த எதிர்ப்பொருளைத் தேடுகிற ரத்தப் பரிசோதனைக்கு டிடிஜி என்று பெயர். அதோடு ஐஜிஏ என்கிற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் பார்க்கச் சொல். ஐஜிஏவே குறைவாக இருக்கிறவர்களுக்கு நோய் இருந்தாலும் டிடிஜி இல்லை என்று காட்டிவிடும். ரத்தத்தில் தெரிந்துவிட்டது என்று அன்றைக்கே நிறுத்தாதே, எண்டோஸ்கோப்பி முடிகிறவரை சாப்பிட வேண்டும். உடம்பு தாங்கவே இல்லை என்றால் ஜீன் பரிசோதனை இருக்கிறது, அதற்குக் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை. அந்த ஜீன் இல்லை என்று வந்தால் சீலியாக் அநேகமாக இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். இருக்கிறது என்று வந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நோயே வராத பலருக்கும் அது உண்டு.

லேசாக இருக்கிறதே, அப்படியே விட்டுவிடுகிறேன் என்பாய். நான் அப்படித்தான் விட்டேன். பெயர் தெரியாத பத்தியம் ஒரு பிறந்தநாள் கேக் வரைக்கும்தான் தாங்கும். சீலியாக் என்றால் கோதுமை, பார்லி, ரை என்று மூன்று தானியமும் ஆயுள் முழுக்கக் கூடாது, துளியும் கூடாது. இருக்கிறதா என்று தெரியாமல் அவ்வளவு கறாராக யாராலும் இருக்க முடியாது. முதலில் டெஸ்ட் எடு. இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை கேமராவைப் போட்டுப் பேசு. நான் திட்ட மாட்டேன். நீ திட்டுவதென்றால் திட்டிக்கொள்.

அப்பா

பி.கு.: சாப்பிட ஆரம்பிக்கிற தேதியைக் காலண்டரில் குறித்து வை. டாக்டர் கேட்காவிட்டாலும் நீயே சொல்.