கிரீன் பேயில் ஆடும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்தில் இன்னும் ஒரு சீசன் ஆடலாமா, இத்துடன் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். ஆடு என்பதுதான் என் பதில். ஆனால், பெரிய மைதானத்தில் ஆடும் முதன்மை லீக்கான என்எஃப்எல்லின் அணியிலிருந்து அழைப்பு வரும் என்ற ஒன்றையே கணக்கில் வைத்து ஆட வேண்டாம்.

ரெஷ் சென்டரில் பயிற்சி முடித்து வெளியே வந்தால், சாலைக்கு எதிர்ப்புறம் என்எஃப்எல் அணியான பேக்கர்ஸின் லாம்போ ஃபீல்டு மைதானம் தெரிவதாகவும், அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் சோர்வதாகவும் எழுதியிருந்தாய். நம் ஊர்க்காரர்கள் உனக்குத் தைரியம் சொல்ல உடனே கர்ட் வார்னரைத்தான் இழுப்பார்கள். 1994-இல் அதே பேக்கர்ஸ் அணி திருப்பி அனுப்பிய பிறகு சீடர் ஃபால்ஸில் மளிகைக் கடை அலமாரிகளில் சரக்கு அடுக்கியவர், 1995 முதல் 1997 வரை இங்கே டி மொய்னில் பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற உள்ளரங்க அணிக்கு ஆடி, 2000 ஜனவரியில் என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலையே வென்றார். நீ பிறப்பதற்கு முன்பே அவர் பந்தெறிவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் அவர் பந்தை எறியும் குவார்ட்டர்பேக். நீ ஓடிப்போய் அதைப் பிடிக்கும் வைட் ரிசீவர். நீ நினைத்துப் பார்க்க வேண்டியவர் ஆல்பனி ஃபயர்பேர்ட்ஸ் அணியின் எடி பிரவுன். 2006-இல் உள்ளரங்க ஆட்டத்துக்கான அரீனா லீக் தன் வரலாற்றின் தலைசிறந்த இருபது ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தியபோது, வார்னரையும் தாண்டி முதலிடத்தில் இருந்தவர் அவர்தான். அவருடைய பெயர் நிலைத்தது முழுக்க உள்ளரங்கில் ஆடிய ஆட்டத்தால்.

உன் ஆட்டத்தைப் பெரிய மைதானத்து ஆட்டத்தின் சிறு நகல் என்று நீயே எண்ணுவதுதான் எனக்கு வருத்தம். ஐஸ் ஹாக்கித் தளத்தின் மேல் விரித்த ஐம்பது கெஜ நீளம், எண்பத்தைந்து அடி அகலம், பக்கத்துக்கு எட்டுப் பேர், எல்லைக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு பொதிந்த சுவர். இந்த அளவுக்குள் ஆடுவதற்குத் தனித் திறமை வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கப் பந்து கைமாறும் முன்பே பின்னாலிருந்து முழு வேகத்தில் முன்னோக்கி ஓடி வர இங்கு உனக்கு அனுமதி உண்டு. என்எஃப்எல்லில் அப்படி ஓடினால் தண்டனை. அந்த ஓட்டத்தில் ஓர் அடி முந்தினால் குற்றம், ஓர் அடி பிந்தினால் தடுப்பவன் உன்னை மறித்துவிடுவான். சென்ற மாதம் சுவரை ஒட்டிய இருக்கையிலிருந்து பார்த்தேன்: பந்து உன் இடுப்புயரத்தில் வந்தது, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாய், பிடிக்கும் முன்பே இடது தோளைச் சற்றுத் திருப்பி வைத்திருந்தாய், அதனால்தான் சுவரில் விலா மோதவில்லை, தோள்பட்டைக் கவசம் மோதியது. அதைக் கல்லூரி மைதானத்தில் யாரும் உனக்குக் கற்றுத் தரவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு வயிற்றுப்பாட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஆட்டத்துக்குச் சில நூறு டாலர் என்பது சீசன் நடக்கும் மாதங்களுக்கே போதாது. லீக்குகளையும் நம்பியிருக்க முடியாது. 1987-இல் தொடங்கிய அரீனா லீக் 2009 சீசனையே ரத்து செய்தது. 2010-இல் மீண்டு வந்து 2019-இல் மூடப்பட்டது. 2024-இல் அதே பெயரில் மறுபடி தொடங்கியபோது, ஆட்டங்கள் ஆரம்பித்த சில வாரங்களிலேயே பல அணிகள் கலைந்துபோயின. அந்த ஆட்டக்காரர்களில் திறமை குறைந்தவர்கள் என்று யாரைச் சொல்வது? முதலாளிகளின் கையிருப்பு தீர்ந்தால் எடுத்த புள்ளிகளின் கணக்கு எவரையும் காப்பாற்றாது. ஆகவே, சீசன் இல்லாத மாதங்களுக்கு உயர்நிலைப் பள்ளியில் உதவிப் பயிற்சியாளர் வேலைக்கு முயல்வதாகச் சொன்னாயே, அதைத் தள்ளிப்போடாதே. பந்து பிடிக்கும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க உன்னிடம் நிறைய இருக்கிறது.

புது ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்திடாமல் முதலில் எங்களுக்கு ஒரு நகல் அனுப்பு. அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, சீசன் நடுவில் அணியிலிருந்து விடுவித்தால் அவர்கள் கொடுத்த வீட்டில் எத்தனை நாள் தங்கலாம் என்ற இரண்டையும் அப்பா படித்துப் பார்க்க வேண்டும் என்கிறார். அந்த இடது தோளை மருத்துவரிடம் காட்டினாயா என்பதையும் எழுது.

அன்புடன்,
அம்மா